லோர்னாவின் இடது கை

என் மனைவியின் கையை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் எட்டு மணிக்கு இன்னொருத்தன் பிடிப்பான். இரண்டு நாட்டு ஜனங்கள் சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன், பக்கத்தில் அவளையே வைத்துக்கொண்டு. இப்படி ஒரு கொடுமை வேறு எந்தக் குழாய் ரிப்பேர்க்காரனுக்காவது நடந்திருந்தால் சொல்லுங்கள், அவனோடு உட்கார்ந்து ஒரு பீர் குடிக்கவேண்டும்.

தொடரின் பெயர் 'ரோவீனா ப்ளை'. ரோவீனாவுக்கு ஒரு சக்தி உண்டு. செத்துப்போனவர்களின் சீப்பையோ செருப்பையோ இடது கையால் தொட்டால் போதும், கொன்றவன் யார், எங்கே வைத்துக் கொன்றான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். ப்ரூஸ்டர் என்று ஒரு போலீஸ் துப்பறிவாளன் கூடவே வருவான். முதல் வாரம் அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அவளில்லாமல் ஒரு கதவைக்கூடத் தட்டமாட்டான் என்றாகிவிட்டது. கதை நடப்பது அமெரிக்காவில், எடுப்பது எல்லைக்கு வடக்கே, எங்கள் பர்னபியில். எங்கள் தெருவில் எடுத்த அன்று சிவப்புத் தபால் பெட்டியை அப்புறப்படுத்திவிட்டு நீலப் பெட்டி வைத்தார்கள், கார்களுக்கெல்லாம் நம்பர் பலகையை மாற்றினார்கள். எங்கள் மழையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ரோவீனாவாக நடிக்கிற பெண் அழகிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நகம் கடிக்கிற வழக்கம். சதை தெரிகிறவரை கடிப்பாளாம். கொலையுண்டவனின் கைக்கடிகாரத்தை அந்த விரல்கள் தொடுவதை க்ளோசப்பில் காட்டினால் ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்கள். அதனால் முகம் அவளுடையது, கை என் லோர்னாவுடையது.

லோர்னா வடக்கே பிரின்ஸ் ரூப்பர்ட்டில் பிறந்தவள். அப்பா மீன்பிடிப் படகில் போனவர். பதினாறு வயதில் அவளை மீன் டப்பா ஆலையில் சேர்த்துவிட்டார்கள். கத்தி பிடிக்க அவளுக்கு வராது. ஆனால் சால்மன் துண்டுக்குள் முள் தங்கியிருக்கிறதா என்று விரலாலேயே சொல்லிவிடுவாள். அதனால் வரிசையின் கடைசியில் நிறுத்தினார்கள். ஐந்து வருஷம் முள் தேடிவிட்டு, மீன் நாற்றம் போதும் என்று தெற்கே வந்து பர்னபியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். துணியை இரண்டு விரலால் தொட்டு, "இதுல நூத்துக்கு இருபது நைலான் இருக்கு, கம்பளின்னு சொல்லி யாரோ ஏமாத்தியிருக்காங்க" என்பாள். துணியோரத்துச் சின்னச் சீட்டைத் தேடிப் பார்த்தால் அப்படியே போட்டிருக்கும்.

அந்தக் கடையின் நிலவறையில் குழாய் வெடித்தபோதுதான் நான் போனேன். வேலை முடிந்து கோட்டை மாட்டிக்கொள்ளும்போது அதன் கையில் ஏதோ தூசியைத் தட்டிவிட்டவள், முழங்கைப் பக்கம் தொட்டுப் பார்த்து, "இது உங்க கோட்டு இல்லையே, உங்க அண்ணனோடதா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் கோட்டுதான். துணி தேய்ந்திருந்த இடம் என் முழங்கைக்கு இரண்டு அங்குலம் கீழே இருந்திருக்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். ஆறு மாதத்தில் கல்யாணம் செய்துகொண்டோம்.

கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து, அந்தத் தொடருக்கு உடை தைக்கிற ஒருத்தி வெல்வெட் வாங்கக் கடைக்கு வந்தாள். லோர்னா கண்ணை மூடிக்கொண்டு வெல்வெட்டை நீவுவதைப் பார்த்தவள், துணியை மறந்து கையையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். மறுவாரமே கூப்பிட்டுவிட்டார்கள். 'ரோவீனா சீப்பைத் தொடுகிறாள்' என்று மட்டுமே தாளில் எழுதியிருந்தது. எப்படித் தொடுவது என்று யாரும் சொல்லவில்லை. லோர்னா இரண்டு விரல் நுனியை வைத்தாள், அனுமதி கேட்கிற மாதிரி. கொஞ்சம் பின்வாங்கினாள். பிறகு உள்ளங்கையை முழுசாக வைத்தாள். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அப்படித்தான் செய்துகாட்டுகிறார்கள். ஒரு பத்திரிகை, நாயகியின் விரல்களே நடிக்கின்றன என்று ஒரு பக்கம் எழுதியது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. லோர்னா அந்தப் பக்கத்தின் பின்புறம் இருந்த சோப்புத் தள்ளுபடிக் கூப்பனைக் கத்தரித்துக்கொண்டே, "பாவம், சின்னப் பொண்ணு. பயத்துலதான் நகத்தைக் கடிக்கிறா" என்றாள். அவளுக்குப் பொறாமை கிடையாது. அவள் பங்கையும் சேர்த்து நானே பட்டேன்.

வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அது போதாதென்று கைக்கு ஆயிரம் கட்டளை. பாத்திரம் தேய்க்கக்கூடாது, காய் நறுக்கக்கூடாது, தோட்டத்தில் மண் தொடக்கூடாது. இரண்டு வேளையும் களிம்பு பூசி வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொள்ளவேண்டும். நாள் முழுக்க ஊரார் சாக்கடையைக் குடைந்துவிட்டு வந்து, வீட்டில் பாத்திரமும் நானே கழுவினேன். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ரோவீனாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் மோதிரம் ஆகாது. முதலில் படப்பிடிப்பு நாளில் மட்டும் கழற்றினாள். பிறகு மோதிரத் தழும்பே தெரியக்கூடாது என்றார்கள். இருபது வருஷம் விரலில் கிடந்த மோதிரம் அடுப்பங்கரை அலமாரியில் ஒரு காபிக் கோப்பைக்குள் போய்விட்டது. தினமும் காலையில் காபி போடும்போது அது கண்ணில் படும்.

இனி நடந்ததைச் சொல்ல, எங்களுக்குள் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். என் அக்கா ஐரீன் வருஷத்துக்கு நாலு விருந்து வைப்பாள். வான்கோழி காய்ந்துபோயிருக்கும், அத்தான் தன் ஏரிப் பயணத்துப் படங்களை ஒவ்வொன்றாகச் சுவரில் காட்டுவார், ஒரே மீனை ஆறு பக்கத்திலிருந்து எடுத்திருப்பார். கல்யாணமான முதல் வருஷமே லோர்னா மேசைக்கடியில் என் கையைப் பிடித்து மூன்று முறை அழுத்தினாள். 'கிளம்பலாமா?' என்று அர்த்தம். நான் உடனே, நாளைக் காலையில் ஒரு வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து அது எங்கள் இரண்டு பேருடையது. கல்யாண வீடோ மருத்துவமனையோ, மூன்று அழுத்து வந்தால், நாம் இருவரும் இங்கிருந்து போய்விடலாம் என்று பொருள். அக்காவுக்குக்கூட இது தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ப்ரூஸ்டரின் தம்பியைச் சுட்டுவிட்டார்கள். ப்ரூஸ்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். ரோவீனா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் கைமேல் தன் இடது கையை வைத்தாள். க்ளோசப். என் மனைவியின் கை அவன் கையைப் பற்றி அழுத்தியது. விட்டது. மறுபடி அழுத்தியது. மூன்றாவது தடவையும்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக் கையுறை மடியில் கிடக்க, அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருந்துச்சு" என்றேன்.

"எது?"

"கை."

அவள் டீக்குத் தண்ணீர் வைக்க எழுந்து போனாள். டீ குடிக்கிற நேரமே இல்லை அது. எழுந்து போனதே ஒப்புக்கொண்ட மாதிரி எனக்குப் பட்டது. அந்த நடிகனோடு கிளம்பத் தயாராகிவிட்டாள், அதை அவனிடம் கேட்டதும் என் கண் முன்னாலேயே, டிவியில். இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்த பெண், ஒரு நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்ற பயம் அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தது. வந்தது போகவே இல்லை.

மறுநாள் திருமதி டால்கிளிஷ் என்ற கிழவி வீட்டில் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. நான் தொட்டிக்கடியில் மல்லாந்து படுத்து வேலை செய்ய, அவள் மேலே நின்று பேசிக்கொண்டே இருந்தாள்.

"நேத்து ரோவீனா பாத்தீங்களா?" என்றாள்.

"இல்லீங்க" என்றேன்.

"அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல என்னமோ இருக்கு. முகத்தை வெச்சு ஏமாத்திடலாம், கையை வெச்சு ஏமாத்த முடியுமா? அது நடிப்பு இல்லை."

நான் குழாய் நட்டை இறுக்கிய இறுக்கில் அதன் புரியே தேய்ந்து வீணாகிவிட்டது. என் செலவில் புதுசு வாங்கிப் போட்டேன். வியாழக்கிழமை பஸ் நிறுத்தத்தில் ப்ரூஸ்டரின் படம் ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்தது. முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். வண்டியை நிறுத்தி அவன் கையைப் பார்த்தேன், பிறகு என் கையைப் பார்த்தேன். என் விரல் இடுக்கில் இருக்கிற கறுப்பு, குழாய் மூட்டுக்குப் பூசுகிற பசை. அது சோப்புக்கும் போகாது, மண்ணெண்ணெய்க்கும் போகாது. அன்று சாயங்காலம் லோர்னா இரண்டு தடவை, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். நான் இரண்டு தடவையும் முதுகு வலி என்றேன்.

வெள்ளிக்கிழமைதான் அவளுக்குப் படப்பிடிப்பு. பெரிய குழு வேறெங்கோ எடுத்துக்கொண்டிருக்க, கைகளை மட்டும் எடுக்கிற சின்னக் குழு தனியாக வேலை செய்யும். வெளியாள் யாரும் அங்கே போகக்கூடாது. அதனால் நான் ஒரு அற்பத்தனம் செய்தேன். காலையில் அவள் குளிக்கப் போனபோது பையிலிருந்த மாற்றுக் கையுறையை எடுத்து என் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டேன். மதியம் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் ஆற்றோரத்துப் பழைய கிடங்குக்கு வண்டியை விட்டேன். மனசுக்குள் ப்ரூஸ்டரிடம் பேசவேண்டிய நாலு வார்த்தையைத் தயார் செய்துகொண்டேன். நாலும் நல்ல வார்த்தை இல்லை.

காவல்காரன் என் பெயரைக் கேட்டான். லோர்னாவின் வீட்டுக்காரன் என்றேன். "ஓ, கையோட வீட்டுக்காரரா? உள்ள போங்க, டேக் போகும்போது மூச்சு விடாதீங்க" என்றான்.

உள்ளே ஒரு சின்ன மேசை, அதன்மேல் கறுப்புத் துணி, அதற்கு மேலே குனிந்தபடி கேமரா, சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். மேசைக்கு இந்தப் பக்கம் லோர்னா. வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு போன அதே பழைய ஸ்வெட்டர், இடது கையில் மட்டும் ரோவீனாவின் பச்சைக் கோட்டிலிருந்து வெட்டிய கைப்பகுதி. அந்தப் பக்கம் ப்ரூஸ்டரின் சாம்பல் நிறக் கோட்டுக் கை தெரிந்தது. கோட்டுக் கையிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே போனேன். பழுப்புப் பின்னல் சட்டை வந்தது, அதில் முட்டை சாண்ட்விச் துகள். பிறகு காதில் ஒரு கேட்கும் கருவி. பிறகு வழுக்கை. அறுபதை நெருங்கின, குள்ளமான ஒரு மனுஷர்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். டேக் கெட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லோர்னாவும் பார்த்தாள், அவள் சிரிக்கவில்லை.

கைகளுக்கு மேக்கப் போடுகிற ட்ரூடி என்ற பெண் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். நடிகன் இந்தப் பக்கமே வருவதில்லை, அவனுக்குப் புறங்கை நிறைய முடி, அதனால் அவனுக்கும் கை இவர்தான் என்றாள். பெயர் ஹாவர்ட். முப்பது வருஷம் பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் கீழே இறங்கியது. நானும் சாண்ட்விச் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். ட்ரூடி அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"போன மாசம் அவரோட மனைவி இறந்துட்டாங்க. அடக்கம் முடிஞ்சு வந்த முதல் நாள், அந்த ஆஸ்பத்திரி காட்சி" என்றாள். "கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. அஞ்சு டேக் வீணாப்போச்சு. எல்லாருக்கும் சங்கடம், யாருக்கும் என்ன சொல்றதுன்னு தெரியலை. ஆறாவதுல லோர்னா கையில என்னமோ பண்ணாங்க. அப்படியே நடுக்கம் நின்னுடுச்சு. டைரக்டர் அதையே வெச்சுக்கிட்டார்."

நான் மேசைப் பக்கம் பார்த்தேன். ஹாவர்டின் கை அழகாக இருந்தது. நீளமான விரல்கள், சுத்தமான நகம், அலுங்காமல் துணிமேல் காத்துக்கொண்டிருந்தது. நடிகன் என்றால் பரவாயில்லை. அவனுக்கு அது வேலை, அவளுக்கும் வேலை, எரிச்சல்பட்டுவிட்டு விட்டுவிடலாம். இந்த மனுஷருக்கு என் மனைவி நிஜமாகவே கையைக் கொடுத்திருக்கிறாள். இறங்கின பாறாங்கல் இரண்டு மடங்காகத் திரும்பி வந்து உட்கார்ந்தது.

இடைவேளை விட்டதும் லோர்னா நேராக என்னிடம் வந்து, வெளியே வா என்று தலையால் காட்டினாள். மழை பெய்துகொண்டிருந்தது. என் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தோம். நான் கையுறையை நீட்டினேன். அவள் அதை வாங்கிக்கொள்ளாமல், "நீதான் எடுத்தேன்னு தெரியும்" என்றாள்.

"அவருக்கு ஏன் அதைக் குடுத்தே?" என்றேன்.

"எதை?"

"மூணு தடவை. செவ்வாய்க்கிழமை பாத்தேன். ஊரே பாத்துச்சு."

"எழுந்து வெளியில போகணுமான்னு அவரைக் கேட்டேன். வாய் விட்டுக் கேட்டா, அத்தனை பேர் முன்னாடி அழுதிருப்பார். அதை அவங்க படத்துல வெச்சுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை பாத்தப்போ எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அவருக்கு அதோட அர்த்தம் தெரியாதே."

"தெரியாதுதான். ஆனா திருப்பி ஒரு தடவை அழுத்தினார்."

அந்த ஒரு தடவை என்னைக் குத்திப் போட்டது. "அது நம்மளுது, லோர்னா. இன்னொருத்தனுக்குக் குடுக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று கத்திவிட்டேன்.

"நம்மளுதா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "கடைசியா எப்போ உன்கிட்ட அதைக் கேட்டேன், சொல்லு பாப்போம்."

இங்கே நான் உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லவேண்டும். கையுறை வந்த முதல் குளிர்காலத்தில், ஐரீன் விருந்தில், லோர்னா மேசைக்கடியில் கையை நீட்டினாள். நான் என் கையை இழுத்துக்கொண்டு அவள் காதில், "டிவிக்காரன் சொத்தும்மா, அழுக்காச்சுன்னா என்னைக் கேப்பான்" என்றேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்ததால் அடுத்த முறையும் சொன்னேன். தீவுக்குப் போகிற கப்பலில், கடையில், படுக்கையில் சொன்னேன். மோதிரத்தைக் கழற்றின கோபம் எனக்கு, அதை வேடிக்கையாக்கிச் சொல்லிச் சொல்லியே தீர்த்துக்கொண்டேன். அவள் எப்போது சிரிப்பதை நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை. நீட்டுவதை எப்போது நிறுத்தினாள் என்பதும் தெரியாது.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

"எனக்கு இருக்கு. போன வசந்தத்துல, ரூப்பர்ட்ல, எங்கம்மா அடக்கத்தன்னிக்கு. பெட்டியை இறக்கும்போது என்னால அங்க நிக்க முடியலை. உன் பக்கம் கையை நீட்டினேன். நீ ரெண்டு கையையும் கோட்டுப் பைக்குள்ள விட்டுக்கிட்டு நின்னே."

"குளிரா இருந்துச்சு."

"இருந்துச்சு. எனக்கும்தான். என் கையை நானே பிடிச்சு மூணு தடவை அழுத்திக்கிட்டேன். அப்புறம் முழுசா நின்னு முடிச்சேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஹாவர்ட் கை நடுங்கினப்போ, அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், மர்வின்."

அவளை யாரோ கொண்டுபோய்விடுவான் என்று மூன்று நாளாக நடிகனையும் பல் வைத்தியரையும் சந்தேகித்தேன். அந்தக் கல்லறைப் பக்கத்தில் அவளைத் தனியாக விட்டுவிட்டு வந்தவன் நான்தான். அவள் அங்கிருந்தே தனியாகத்தான் திரும்பி வந்திருக்கிறாள், நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தும்.

அவள் கை இருக்கைமேல் கிடந்தது. நான் என் கையை அதன் பக்கம் கொண்டுபோய், பாதியில் நிறுத்தினேன். "மேக்கப் போட்டிருக்காங்களே" என்றேன்.

"தெரியும்."

"இன்னும் எடுக்கணுமில்லே?"

"ரெண்டு ஷாட் இருக்கு."

பிடித்துக்கொண்டேன். களிம்பும் பவுடருமாக வழுக்கியது. என் விரலிலிருந்த கறுப்பு அவள் புறங்கை முழுக்க அப்பிக்கொண்டது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள், துடைக்கவில்லை. ட்ரூடி குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினாள், எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று கைக்கடிகாரத்தைக் காட்டினாள். கையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. லோர்னா மற்றக் கையால் இரண்டு நிமிஷம் என்று சைகை காட்டினாள்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அவர் கை எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"யார் கை?"

"ஹாவர்ட் கை."

லோர்னா கண்ணை மூடிக்கொண்டாள், துணிக்கடையில் மூடுவாளே அப்படி. "ரொம்ப மிருதுவா இருக்கும். வெதுவெதுப்பா இருக்கும். உன்னோடது அரம் மாதிரி இருக்கு, ஜில்லுன்னும் இருக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை.